ரயிலேறி வந்த தண்ணீர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நமது வழக்கம். இவ்வாண்டு வறட்சியைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். நாட்டியத்திற்கு வேடம் புனைந்து காத்திருக்கும் குழந்தைகளுக்கு இது சுவையான பொருள் அன்று என்பதை அறிவோம். ஆயினும் சோலாப்பூர்க் கோட்டத்தில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றோர்க்கு இப்பொருளில் பேசச் சிறிது உரிமை உண்டு. கோதுமையும் சிமெண்டும் உரமும் ஏறி வருவது போலத் தண்ணீரும் ஒரு சரக்காக, வாகன் எண் குறிக்கப்பட்டு, இந்தக் கோட்டத்திற்குள் ரயிலேறி வந்தது. அது நடந்த ஆண்டு 2016. அந்த ஆண்டை மையமாக வைத்தே இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் மழைக் கணக்கைச் சொல்லிவிடுவோம். 2014ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் சராசரியில் நூற்றுக்கு 12 பங்கு குறைந்தது. 2015இல் 14 பங்கு குறைந்தது. இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொய்ப்பது அரிது. அப்படிப் பொய்த்தால் முதலாண்டில் கையிருப்பைச் செலவழித்துவிட்ட குடும்பம் இரண்டாம் ஆண்டில் கடனாளியாவது போல, நிலமும் கடனாளியாகிவிடும். மராத்வாடா என்ற எட்டு மாவட்டப் பகுதியில் குறைவு இதனினும் கொடிது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மழை அங்குப் பெய்யவேயில்லை. சஹ்யாத்ரி மலைத்தொடர் அரபிக் கடலிலிருந்து வரும் மேகத்தை மேற்கே கறந்துகொள்ள, மிச்சத்தை நம்பி வாழும் மழை மறைவு நிலம் அது. நாம் வாழும் இவ்விடமும் அந்த மறைவிற்குள் அடங்கியதே.

2016 ஏப்ரலில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தது: 10 மாநிலங்கள், 256 மாவட்டங்கள், 33 கோடி மக்கள் வறட்சியால் பாதிக்கப்பட்டிருந்தனர். நாட்டில் நால்வரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2016 தொடக்கத்தில் வானிலை ஆய்வுத் துறை தன் குறிப்புகளில் ‘வறட்சி’ என்ற சொல்லை இனி வழங்குவதில்லை, ‘குறைமழை ஆண்டு’ என்றே வழங்குவது என்று முடிவு செய்தது. துறையார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மழை அளப்பது அவர்கள் வேலை; வறட்சி என்பது மழைமானியில் மட்டும் அகப்படும் பொருள் அன்று. மழை குறைவது ஒன்று. அதனால் ஏரியும் கிணறும் வற்றுவது வேறொன்று. பயிர் கருகுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும், சில சமயம் வராமலும் போகும்.

மராட்டிய நாட்டில் வறட்சியை அறிவிக்கும் பழைய முறையைப் பாருங்கள். ‘ஆணேவாரி’ என்று அதற்குப் பெயர். நயா பைசா வந்தபின் ‘பைசேவாரி’ ஆயிற்று. ஊரின் விளைச்சலை மதிப்பிட்டு, நல்ல விளைச்சலை ஒரு ரூபாய் என வைத்து, அதில் ஐம்பது பைசாவுக்குக் குறைந்தால் அவ்வூர் பஞ்ச நிலையில் உள்ளது என எழுதுவர். இதில் எண்ணப்படுவது தானியம். கிணற்றில் எத்தனை முழம் நீர் நிற்கிறது என்ற கேள்வி அந்தப் பதிவேட்டில் எழவேயில்லை. 1972ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தைக் கண்ட மராட்டியப் பெரியவர்கள் சொல்வதுண்டு: அன்று உண்ணத் தானியம் இல்லை, ஆனால் குடிக்கத் தண்ணீர் இருந்தது, பின்வந்த பஞ்சங்களில் கடையில் தானியம் இருக்கிறது, குடத்தில்தான் தண்ணீர் இல்லை. அந்த 1972இல் வேலையற்ற உழவருக்கு அரசு மண் வெட்டவும் கல் உடைக்கவும் கூலி கொடுத்தது. அதுவே வேலை உறுதித் திட்டமாக வளர்ந்து, பின்னாளில் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. பட்டினிக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீருக்கு அவர்கள் கண்டுபிடித்தது துளைபோடும் எந்திரம்.

இந்த எந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நமது காலடியில் இருப்பது கருங்கல் பாறை; பழங்காலத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. தஞ்சைப் பக்கத்து வண்டல் மண் போல இது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே மக்கிய பாறையில் சில பத்தடி ஆழம் வரையிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். நம் முன்னோரும் இவர்கள் முன்னோரும் வெட்டிய அகன்ற கிணறு இந்த மேலடுக்கு நீரை எடுத்தது. மழை பெய்தால் அடுத்த மாதமே அது நிறையும். துளைக் கிணறோ அவ்வடுக்கைத் துளைத்துக்கொண்டு வெடிப்பைத் தேடிப் போகிறது. லாத்தூர்ப் பக்கத்தில் 800 அடி, 1,000 அடி என்று போனார்கள். அவ்வளவு ஆழத்து வெடிப்பில் இருக்கும் நீர் சொற்பம். எடுத்தால் திரும்பச் சேர ஆண்டுகள் பல ஆகும். மேலும் ஓர் ஆழத் துளை தன்னைச் சுற்றியுள்ள பாறை வெடிப்புகளின் வழியே மேலடுக்கு நீரையும் கீழே வடித்துவிடக் கூடும். ஆழத் துளைத்தவன் வீட்டில் நீர் வரும்போது பக்கத்து வீட்டுக் கிணறு வறண்டு போவதன் காரணம் இதுதான்.

இனி லாத்தூருக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள் தொகை 3.8 லட்சத்துக்குச் சற்று மேல். துவரம்பருப்பு ஆலைகளுக்கும் சோயா வாணிபத்துக்கும் பேர் பெற்ற ஊர். மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்யும் பள்ளிகளுக்கும் பேர் பெற்றது. வெளியூர்ப் பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்கிப் படிப்பர். இந்நகருக்குக் குடிநீர் தருவது மாஞ்சரா ஆற்றின் மேல் கட்டிய அணை. 2016 தொடக்கத்தில் அந்த அணை வறண்டது. நகராட்சிக் குழாயில் மாதத்துக்கு ஒருமுறை நீர் வந்தால் அதிகம் என்ற நிலை. மார்ச் மாதத்தில் மாவட்ட ஆட்சியர், தண்ணீர் நிரப்பும் இடங்களைச் சுற்றி ஐவருக்கு மேல் கூடக் கூடாதென்று 144ஆம் பிரிவின்படித் தடை உத்தரவு போட்டார். கலவரத்துக்குப் போடும் உத்தரவைக் குடத்தோடு நிற்கும் பெண்களுக்குப் போட நேர்ந்தது. மாணவர்கள் மூட்டை கட்டினர். மருத்துவமனைகள் டாங்கர் லாரியை எதிர்பார்த்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடும் நிலை வந்தது.

அப்பொழுதுதான் தண்ணீர் ரயில் விடத் தீர்மானித்தார்கள். இம்முறை புதிதன்று; 1986இலேயே குஜராத்தின் ராஜ்கோட் நகருக்குக் காந்திநகரிலிருந்து ரயிலில் நீர் சென்றது. லாத்தூருக்கு நீர் கொடுத்தது மீரஜ். கிருஷ்ணை ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே நிலையத்திற்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் ஏற்றும் டாங்கி வாகன்களை ராஜஸ்தானத்துக் கோட்டா பணிமனையில் நீராவி கொண்டு கழுவி அனுப்பினார்கள். ‘ஜல்தூத்’ என்று வண்டிக்குப் பெயர் சூட்டினார்கள். நீர்த் தூதன் என்று பொருள். 2016 ஏப்ரல் 11ஆம் நாள் மீரஜை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓடி, மறுநாள் விடியலில் லாத்தூரை அடைந்தது. முதல் வண்டியில் 10 வாகன்கள், வாகனுக்கு 50,000 லிட்டர் வீதம் 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வாகன்கள் கோத்து 25 லட்சம் லிட்டர் வரலாயிற்று. ஆகஸ்டு மாதம் வரை நூறு நடைக்கு மேல் ஓடி, 25 கோடி லிட்டரை ஒட்டிய நீரைச் சேர்த்தது.

ரயில்வேக் குடும்பத்தார் கூடியிருக்கும் சபையாதலால் இங்கே ஒன்று சொல்லிக்கொள்ளலாம். மீரஜுக்கும் லாத்தூருக்கும் இடையே பந்தர்ப்பூர், குர்துவாடி வழியாக ஓடிய பாதை பழைய பார்சி லைட் ரயில்வே. இரண்டரை அடிக் குறுகிய பாதை. அது மீரஜ் வரை முழுவதும் அகலப் பாதையானது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அவ்வேலை பத்தாண்டு தாமதித்திருந்தால் இந்த வண்டி இந்த வழியில் வந்திருக்க இயலாது. பாதை மாற்றத்தின்போது, பயணிகள் எத்தனை பேர் ஏறப் போகிறார்கள், வருமானம் வருமா என்றெல்லாம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கணக்கில் இந்தச் சரக்கு இடம்பெற்றிருக்க நியாயமில்லை.

வண்டி வந்தது, அதைப் புகழ்ந்தாயிற்று. எழுத்தர்கள் எங்களுக்கு அதன்பின் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 25 லட்சம் லிட்டரை 3.8 லட்சம் மக்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறரை லிட்டர். நகரவாசி ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டுமென்று அரசு வகுத்த அளவு 135 லிட்டர். ஆறரை லிட்டர் குடிக்கவும் சோறு வடிக்கவும் போதும், குளிக்கப் போதாது. மே மாதத்தில் அதுவரை சென்ற 6.2 கோடி லிட்டருக்கு ரயில்வே ஏறத்தாழ 4 கோடி ரூபாய்க்குப் பில் அனுப்பியதாகச் செய்தி வந்தது. லிட்டருக்கு அறுபத்தைந்து பைசா விழுகிறது. புட்டியில் அடைத்து விற்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் மலிவு. ஆற்றில் ஓடும் தண்ணீரோடு ஒப்பிட்டால் யானை விலை.

இன்னொரு கணக்கும் உண்டு. கரும்பு பன்னிரண்டு மாதமும் அதற்கு மேலும் நிலத்தில் நிற்கும் பயிர். வாய்க்கால் பாய்ச்சலில் அது 2,000 மில்லிமீட்டர் அளவு நீர் கேட்கும். ஒரு ஹெக்டேரில் 2,000 மில்லிமீட்டர் என்றால் 2 கோடி லிட்டர். ஜல்தூத் 50 வாகன்களோடு எட்டு முறை ஓடினால் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், கரும்புக்கு நீர் பாய்ச்சலாம். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அது சுமந்த நீர் முழுவதையும் கரும்புக்கு விட்டிருந்தால் முப்பது ஏக்கரைச் சற்றுத் தாண்டியிருக்கும். முப்பது ஏக்கர்! அதே லாத்தூர் மாவட்டத்தில் கரும்பு ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றது. பிழியச் சர்க்கரை ஆலைகளும் நின்றன. மராட்டிய மாநிலத்தின் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கே பிடிக்கும் கரும்பு, பாசன நீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குடிக்கிறது என்று விவசாயச் செலவு, விலை ஆணையத்தார் எழுதியிருக்கிறார்கள். சொட்டு நீர் முறையில் இந்தத் தேவை வெகுவாகக் குறையும். வெட்டிய கரும்பின் சோகையைக் கொளுத்தாமல் மண்ணின் மேல் பரப்பினாலும் ஈரம் காயாது. இரண்டையும் செய்கிற உழவர்கள் நமது சுற்றுப்புறத்திலேயே இருக்கிறார்கள், கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உழவன் பேராசைக்காரன் என்று எண்ணிவிடலாகாது. நமது சமையலறையிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்கு ஏறியதைத் தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். காலனியில் பல வீடுகளில் சாம்பார் ரசமாயிற்று, ரசம் புளிநீராயிற்று. லாத்தூரிலும் கலபுரகியிலும் பெய்யாத மழைதான் அது. 2016இல் நல்ல மழை பெய்தது; செப்டம்பர், அக்டோபரில் மாஞ்சரா அணை நிரம்பி வழிந்தது. விலை நினைவில் நின்ற உழவர்கள் துவரை விதைத்தார்கள். அமோக விளைச்சல். 2017 தொடக்கத்தில் விலை, அரசு அறிவித்த குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைகளோடு இரவு பகல் காத்துக் கிடந்தார்கள். கரும்புக்கோ விலை முன்கூட்டியே நிர்ணயமாகிறது; ஆலை ஆள் அனுப்பி வெட்டிக்கொண்டு போகிறது; ஆலங்கட்டி மழையில் துவரை சாயும், கரும்பு நிற்கும். அடுத்த பருவத்தில் அந்த உழவன் எதை நட்டிருப்பான் என்று நம்மில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் அவனிடம் கேள்வி கேட்கத் தகுதி உண்டா? 2018இல் மறுபடியும் மழை பொய்த்தபோது நிலத்தில் நின்றது கரும்புதான்.

சோளத்தின் கதை இன்னும் வருத்தமானது; அதைப் பேசுவோர் குறைவு. முன்பு இப்பகுதியின் உணவு சோளம். தானியம் மனிதனுக்கு, தட்டை மாட்டுக்கு. ‘கட்பா’ என்று இவர்கள் சொல்லும் அந்தச் சோளத்தட்டை வீட்டுக்கு வீடு போராகக் குவிந்திருக்கும். ஓராண்டு பொய்த்தாலும் மாடு பிழைக்கும். சோயா வந்தது, காசு தந்தது, ஆனால் அதில் மாட்டுக்குப் போடத் தக்க தட்டை இல்லை. 2013இலும் 2016இலும் 2019இலும் அரசும் தொண்டு நிலையங்களும் கால்நடை முகாம்கள் வைத்தன. ‘சாரா சாவணி’ என்பர். குடும்பத்தில் ஒருவர் மாட்டோடு முகாமில் மாதக்கணக்கில் படுத்துறங்குவார். மனைவி மக்கள் ஊரில். பீட் மாவட்டத்தாரோ தீபாவளி கழிந்ததும் குடும்பத்தோடு கரும்பு வெட்ட மேற்கே போய், கோடையில் திரும்புவர். தம் ஊரில் குடிநீரைத் தேடி அலைபவர்கள் வேற்றூரில் நீர் செழிக்கக் குடித்த பயிரை வெட்டிக் கூலி பெறுகிறார்கள். 2015ஆம் ஆண்டில் மட்டும் மராத்வாடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதைக் குறித்து மேடையில் அதிகம் பேச மனம் வரவில்லை.

வறட்சி வயலில் புகுந்தால் கடனாகிறது; காட்டில் புகுந்தால் தீயாகிறது. ஜல்தூத் ஓடிக்கொண்டிருந்த அதே ஏப்ரல் மாதத்தில் வடக்கே இமயத்தின் அடியில், உத்தராகண்டத்தில், காடுகள் எரிந்தன. அந்தக் குளிர்காலத்தில் அங்கு மழையும் பனியும் வெகு குறைவு. மண் காய்ந்து கிடந்தது. அம்மலைகளில் சீர் என்ற தேவதாரு இனத்து ஊசியிலை மரம் மிகுதி. கோடையில் அதன் இலைகள் உதிர்ந்து மெத்தை போல் கிடக்கும். அவற்றில் பிசின் கலந்திருப்பதால் ஒரு பொறி போதும். 2016இல் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. பேரிடர் மீட்புப் படையார் சென்றனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் நைனிதாலுக்கு அருகிலுள்ள பீம்தால் ஏரியில் பெருவாளியால் நீர் மொண்டு, மலைகளின் மேல் ஊற்றின. தெற்கே வண்டியில் ஏறிப் போன நீர், வடக்கே வானத்தில் ஏறிப் போயிற்று.

அக்காட்டின் வரலாறு நமது துறையையும் சிறிது தொடுகிறது. மலையில் பாஞ்ச் என்ற கருவாலி மரக் காடு நீரைப் பிடித்து வைத்து ஊற்றுகளுக்குக் கொடுக்கும். வெள்ளையர் காலத்தில் பிசினுக்கும், தண்டவாளத்தின் அடியில் இடும் கட்டைகளுக்கும் பயன்படுவதால் சீர் மரத்திற்கு மதிப்பு ஏறியது. ஊராருக்குக் காட்டில் புல்லறுக்கவும் விறகெடுக்கவும் இருந்த உரிமை சுருங்கியது. 1921இல் குமாயூன் மக்கள் அதை எதிர்த்தபோது அரசின் சீர் காடுகள் தீக்கிரையாயின. காடு தமக்குரியது என்று ஊரார் எண்ணிய காலத்தில் தீ கண்டதும் இலைக்கொத்தோடு ஓடி அணைத்தார்கள். காவலாள் ஒருவரிடம் விட்டபின் அந்த ஓட்டம் குறைந்தது. ஊற்றுகள் பலவும் வற்றின. நம் நாட்டிலும் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் எழுந்த தீயில் மலையேறச் சென்ற இளைஞர்கள் சிக்கி, 23 பேர் இறந்தது நினைவிருக்கும்.

‘நம் நாட்டிலும்’ என்றோம்; சென்னையையும் சொல்லிவிடுவோம். அங்கே உறவினர் இல்லாத குடும்பம் இங்கே இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இங்கிருந்து நாம் போர்வையும் பால் பொடியும் மூட்டை கட்டி அனுப்பினோம். மூன்றரை ஆண்டுகள் கழித்து 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரோடு வண்டி வில்லிவாக்கம் சேர்ந்தது. லாத்தூர் கருங்கல் பாறையின் மேல் உள்ளது. மழை மறைவில் உள்ளது. சென்னைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. ஓராண்டு சராசரியில் லாத்தூரைவிட எவ்வளவோ அதிக மழை பெறும் கடற்கரை நகரம் அது. பள்ளிக்கரணைச் சதுப்பும் ஊருக்கொரு ஏரியும் இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. வெள்ளம் தேங்க இடம் இருந்திருந்தால் 2015இன் நீர் 2019க்கு முழுவதும் நின்றிராது. மண்ணுக்குள்ளாவது கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லி வந்ததற்கு நமது காலனியின் காரியம் ஒன்று உண்டு. மூன்றாவது துளைக் கிணறு போடுவது பற்றி அடுத்த மாதப் பொதுக்குழுவில் முடிவு செய்யவிருக்கிறோம். முதல் துளை 300 அடி, அது வற்றியது. இரண்டாவது 620 அடி; இப்பொழுது காலையில் நாற்பது நிமிடம் நீர் தந்துவிட்டுக் காற்றைக் கக்குகிறது. மூன்றாவதை 900 அடிக்குக் கொண்டுபோக மதிப்பீடு வந்திருக்கிறது. வசூல் பட்டியலும் தயார். நமது மதிலுக்கு அப்பால் வசிக்கும் குடும்பங்களின் கைப்பம்பு, நமது இரண்டாவது துளை ஓடத் தொடங்கிய மறு கோடையில் நின்று போயிற்று. அது நம்மால்தான் என்று அளந்து நிரூபிக்க எவராலும் ஆகாது. நம்மால் இல்லை என்று நிரூபிக்கவும் ஆகாது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் நமது வாசல் குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். நமது வீட்டில் பாத்திரம் துலக்க வருபவர்களும் அவர்களே.

நிலையத்தின் பழைய நீராவி எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிணறு இருப்பதை இளைஞர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். எஞ்சினுக்கு நீர் கொடுக்க வெட்டியது. குறுக்கே இருபத்தெட்டு அடி, ஆழம் நாற்பத்தைந்து அடி, கல் கட்டிடம் இன்றும் பிசகவில்லை. டீசல் வந்தபின் அதற்கு வேலை இல்லை. பால் உறை, பூமாலை, உடைந்த நாற்காலி எல்லாம் அதில் சேர்ந்து பதினைந்து அடிக்குத் தூர் ஏறிக் கிடக்கிறது. அந்த நிலையிலும் சென்ற மே மாதம் சகதியில் ஈரம் இருந்தது. நாங்கள் நால்வர் கயிறு விட்டு அளந்தோம்.

தூர் வார இருபது ஆளுக்குப் பத்து நாள் கூலி, பாரம் தூக்கும் எந்திர வாடகை, மேலே கம்பி வலை: மூன்றாவது துளைக்கு மதிப்பிட்ட தொகையில் பாதிக்கும் குறைவு. உரிய அனுமதிக்கு மனுவும் எழுதி வைத்திருக்கிறோம். சங்கக் கூடமும் முதல் வரிசைக் குடியிருப்புகளும் சேர்ந்து கூரைப் பரப்பு 1,000 சதுர மீட்டர் தேறும். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அது 6 லட்சம் லிட்டர். வழிந்ததும் காய்ந்ததும் போக 4.8 லட்சம் லிட்டர் குழாய் வழியே கிணற்றைச் சேரும். ஜல்தூத் முதல் நாள் லாத்தூருக்குச் சுமந்த அளவுக்குச் சற்றே குறைவு. இதைக் கொண்டு காலனியின் தாகம் முழுவதும் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் டாங்கர் லாரி வரத்தான் செய்யும். எத்தனை லாரி குறையும் என்பது வரும் மழையைப் பொறுத்தது. ஆனால் மேலடுக்கு நீர் ஏறினால் மதிலுக்கு அப்பாலுள்ள கைப்பம்பிலும் ஏறும். 900 அடித் துளையில் அதற்கு வழியே இல்லை.

துளை வேண்டும் என்பாரின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளித் தேர்வும் கோடையும் ஒன்றாய் வருகின்றன. கிணறு நிறைய ஒரு மழைக்காலம் கழிய வேண்டும். துளையோ மூன்று நாளில் நீர் காட்டும். குழந்தையும் முதியவரும் உள்ள வீடுகளுக்கு இது சிறிய காரியம் அன்று. ஆகவே இந்தக் கோடைக்கு மட்டும் டாங்கர் செலவைச் சங்க நிதியிலிருந்து எடுத்து, துளைக்கான வசூலைக் கிணற்றுக்குத் திருப்பலாமென்பது எங்கள் யோசனை. செயற்குழுவில் இருவர் ஒப்பவில்லை. அவர்களும் பொதுக்குழுவில் பேசுவார்கள்.

கிணற்று வேலிக் கதவின் சாவி சங்க நூலகப் பெட்டியில் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே இருப்போம். மதிலுக்கு அப்பாலிருந்தும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளவு கயிறும் டார்ச் விளக்கும் கொண்டு வருகிறோம். குழந்தைகள் வந்தால் பெரியவர் ஒருவர் கைப்பிடித்து வரட்டும். விளிம்புச் சுவர் வடக்குப் பக்கம் இடிந்திருக்கிறது. நாட்டியத்திற்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் சைகை காட்டுகிறார்.